ஏழு ஒட்டும் ஐந்து மடிப்பும்

(கொக்குவிலில் கணித ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச வருகிறவர் கடுதாசிக் கட்டோடு வருவதுதான் வழக்கம். நான் ஒரு பிடி ஈர்க்கும், ஊறப்போட்ட கடலையும், நாலைந்து மட்டைப் பெட்டியும், ஒரு நீத்துப்பெட்டியும், கொஞ்சம் கல்லுப்பும் கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் நின்ற தம்பி ஒருவர் மேசையைப் பார்த்துவிட்டு, "ஐயா, புட்டு அவிக்கப் போறியளோ?" என்று கேட்டார். அவிக்கப் போவதில்லை. ஆனால் சொல்ல வந்ததெல்லாம் அந்த மேசையில்தான் கிடக்கிறது.

திண்மங்கள் என்ற பாடத்தை நாம் எப்படித் தொடங்குகிறோம்? கரும்பலகையில் ஒரு சதுரம் கீறுகிறோம். சற்று மேலே, வலப்பக்கம் தள்ளி இன்னொரு சதுரம். மூலைக்கு மூலை இணைக்கிறோம். பின்னால் மறைகிற மூன்று விளிம்பையும் புள்ளிக்கோடு ஆக்குகிறோம். "இதுதான் சதுரமுகி. முகம் 6, விளிம்பு 12, உச்சி 8. எழுதுங்கோ." பிள்ளைகள் எழுதுகிறார்கள். பாடம் முடிந்தது.

அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் இரண்டு சதுரம் மட்டுமே உண்டு. மிச்ச நாலும் இணைகரம். "சேர், எல்லா முகமும் சதுரம் எண்டு சொன்னீங்கள், இது சரிஞ்சுபோய் நிக்குதே" என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பிள்ளைதான் வகுப்பில் ஒழுங்காகப் பார்த்த பிள்ளை. சதுரமுகியைக் கையில் உருட்டிப் பழகியவருக்கே அந்தக் கோடுகள் சதுரமுகியாகத் தெரியும். மற்றவருக்கு அது பன்னிரண்டு கோடு. கடைசியாக வரவேண்டியதை நாம் முதலில் வைக்கிறோம்.

"அப்படியானால் செயற்பாட்டு முறைதானே? அது எங்களுக்குப் பழசு" என்று சிலர் நினைப்பது முகத்தில் தெரிகிறது. 2007இல் தரம் 6க்கும் தரம் 10க்கும் புதிய பாடத்திட்டம் வந்தபோது ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படியையும் நீங்கள் பயிற்சி வகுப்புகளில் மனப்பாடம் செய்தவர்கள்தான். மனப்பாடம் செய்தீர்கள் என்பதல்ல என் முறைப்பாடு. சாமானைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் மட்டும் கணிதம் வந்துவிடாது என்பதே நான் சொல்ல வந்தது. வெட்டுவதற்கு முன், மடிப்பதற்கு முன், சுழற்றுவதற்கு முன், என்ன நடக்கும் என்று பிள்ளை ஊகித்து, அதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கவேண்டும். ஊகம் இல்லாத செயற்பாடு கைவேலைப் பாடம். அதுவும் நல்ல பாடம்தான், ஆனால் அதற்கு வேறு நேரசூசி இருக்கிறது.

ஒன்றைச் செய்து பார்ப்போம். சவர்க்காரத்தில் வெட்டிய சதுரமுகி இது. ஒரு முகத்தின் நட்டநடுவில் ஊசியால் நூல் கோத்திருக்கிறேன். நூலை முறுக்கிவிட்டால் வேகமாகச் சுழலும். சுழலும்போது கண்ணுக்கு என்ன வடிவம் தெரியும்? உருளை என்று பலர் சொல்கிறீர்கள். சரி. இப்போது இரண்டாவது சவர்க்காரம். இதற்கு நூலை ஒரு மூலையிலே கோத்திருக்கிறேன், எதிர்மூலை நேர் கீழே தொங்குகிறது. இது சுழன்றால்?

மேலே ஒரு கூம்பு, கீழே தலைகீழாக ஒரு கூம்பு என்று பலர் சொல்கிறார்கள். ஒட்டிவைத்த இரண்டு கூம்பு. பொறுங்கள், சுற்றிவிடுகிறேன். நடுவைப் பாருங்கள். வெளியே பிதுங்கவில்லை, உடுக்கின் இடைபோல உள்ளே வளைந்திருக்கிறது. நேர்விளிம்பு மட்டுமே உள்ள சாமானிலிருந்து வளைந்த இடை எங்கிருந்து வந்தது? ஆறு விளிம்புகள் நூலைத் தொடாமல் சாய்ந்து நிற்கின்றன. சாய்ந்த நேர்கோடு ஓர் அச்சைச் சுற்றி ஓடினால் வளைந்த பரப்பு பிறக்கும். பல்கலைக்கழகக் கணிதத்தில் படிக்கிற சங்கதியைத் தரம் 7 பிள்ளை சவர்க்காரத்தில் கண்டுவிடுகிறது. ஊகிக்காமல் பார்த்திருந்தால் "வடிவாய் இருக்கு" என்பதோடு போயிருக்கும். பிழையாக ஊகித்தவர்தான் இப்போது "ஏன்?" என்று கேட்கிறார்.

இது என் சரக்கல்ல. ஜேர்மனியில் 1837இல் சிறு பிள்ளைகளுக்காக ஒரு கூடத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரும் வைத்த பிரெட்ரிக் புரோபல் தந்தது. அவருடைய விளையாட்டுச் சாமான்களில் இரண்டாவது தொகுதி மரத்தில் கடைந்த ஒரு கோளம், ஓர் உருளை, ஒரு சதுரமுகி. நூலில் தொங்கவிட்டுச் சுழற்றுவதற்கென்றே அவற்றில் கொளுவிகள் இருக்கும். ஆசிரிய கலாசாலையில் புரோபல் என்றால் பாலர் கல்வி, பாட்டு, தோட்டம் என்று படித்து எழுதிவிட்டோம். அந்த மனிதர் பேர்லினில் வைஸ் என்ற பேராசிரியரின் கீழ் பளிங்குகளைத் தரம்பிரித்து அடுக்கும் வேலை பார்த்தவர் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உப்பும் கல்லும் ஒழுங்கான வடிவத்தில் விளைவதைக் கண்ட கண்தான் பிள்ளைக்குச் சதுரமுகியைக் கொடுத்தது.

அந்தக் கண் எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்கக்கூடியது. ஆனையிறவு எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. கல்லுப்பைக் கைவில்லையின் கீழ் வைத்துப் பாருங்கள். உடையாத பரல் கிடைத்தால் அது சதுரமுகி. உப்புக் கரைசலைத் தட்டையான பீங்கானில் ஊற்றி, அசைக்காமல், அவசரப்படாமல் நிழலில் வற்றவிட்டால் வீட்டிலேயே சதுரமுகிகள் விளையும். படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து அதேபோல் விட்டால் எண்முகி விளையும். இரண்டு வெள்ளைச் சாமான், இரண்டு வடிவம். ஏன் என்பதை விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்கட்டும். கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒருவரோடொருவர் கதைக்க ஒரு சாட்டாவது கிடைக்கும்.

அடுத்தது பைவிளையாட்டு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களில் பலர் செய்திருப்பீர்கள். துணிப்பைக்குள் ஒரு திண்மத்தைப் போட்டு, ஒரு பிள்ளை கையை விட்டுத் தடவி, பெயர் சொல்லாமல் விவரிக்கவேண்டும், வகுப்பு பெயர் சொல்லவேண்டும். இதன் பயன் தடவுவதில் இல்லை, விவரிப்பதில். "கூரா இருக்கு" என்று தொடங்குகிற பிள்ளை கூம்பா கூம்பகமா என்று பிரிக்க முடியாமல் நிற்கும். "கூரா இருக்கு, பக்கத்தில விளிம்பு தட்டுப்படுது, நாலு விளிம்பு" என்று சொல்லப் பழகும்போது பார்த்த வடிவம் பண்புகளாகப் பிரிகிறது. 1957இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பியர் வான் ஹீலேயும் அவர் மனைவி டீனாவும் தங்கள் ஆய்வேடுகளில் சொன்னது இதைத்தான். முதலில் பிள்ளை தோற்றத்தால் அடையாளம் காணும், பிறகு பண்பால் காணும், அதற்கும் பிறகே ஒரு பண்பிலிருந்து இன்னொன்றைப் பெறும். மேல்படியில் நின்று ஆசிரியர் பேசினால் கீழ்ப்படியில் நிற்கிற பிள்ளைக்கு அது வேற்றுமொழி. அவர்கள் இருவரும் பாடசாலையில் படிப்பித்த ஆசிரியர்கள், அதனால்தான் கண்டுபிடித்தார்கள்.

இனி ஈர்க்கு. தென்னோலை ஈர்க்கு, பத்துச் சென்ரிமீற்றர் துண்டுகள். மூட்டுக்கு இரவு ஊறப்போட்ட கடலை. குத்தினால் ஏறும், காய்ந்தால் இறுகப் பிடிக்கும். புரோபலின் பிள்ளைகள் குச்சியையும் ஊறிய பட்டாணியையும் கொண்டு இதே வேலையைச் செய்தார்கள். இந்தியாவில் ஒஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்த அர்விந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.ரி.யில் படித்த பொறியியலாளர், நெருப்புக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரியூப்பையும் எடுத்துக்கொண்டார். ரியூப்பைச் சிறு துண்டாக நறுக்கி, இரு முனையிலும் குச்சியைச் செருகினால் மூட்டு. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வால்வு ரியூப் இப்போது சைக்கிள் கடையில் கேட்டு வாங்கவேண்டிய சாமான் ஆகிவிட்டது. கடலை எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பிள்ளைகளிடம் 12 ஈர்க்கும் 8 கடலையும் கொடுத்துச் சதுரமுகி கட்டச் சொல்லுங்கள். இன்னொரு குழுவிடம் 6 ஈர்க்கும் 4 கடலையும் கொடுத்து நான்முகி கட்டச் சொல்லுங்கள். எது பலமாக நிற்கும் என்று முன்கூட்டியே கையுயர்த்தச் சொல்லுங்கள். கனக்கக் குச்சி உள்ளதுதான் பலம் என்று பெரும்பாலும் கை உயரும். மூட்டு காயமுன் விரலால் தள்ளிப் பார்த்தால் சதுரமுகி சரிந்து படுக்கும். நான்முகி அசையாது. முக்கோணத்தைக் குச்சி உடையாமல் நெளிக்க முடியாது, சதுரத்தை நெளிக்கலாம்.

இப்போது கேள்வி: சரிகிற சதுரமுகியை நிமிர்த்த ஆகக் குறைந்தது எத்தனை குச்சி மேலதிகமாக வேண்டும்? ஒன்று, இரண்டு என்று போட்டுப் பார்த்து, ஆறுக்கு வந்து சேர்வார்கள். முகத்துக்கு ஒன்று. பத்துச் சென்ரிமீற்றர் ஈர்க்கு எட்டாது, பதினாலுக்குச் சற்று மேல் வேண்டும். பைதகரஸ் தேற்றம் தானாக வகுப்புக்குள் நுழைகிற இடம் இது. அந்த ஆறு மூலைவிட்டமும் ஒன்றுவிட்டு ஒன்றான நாலு மூலையில் சந்திக்கும்படி போட்டால், சதுரமுகியின் வயிற்றுக்குள் ஒரு நான்முகி குந்தியிருக்கும். அதை ஒரு பிள்ளை கண்டு சத்தம் போட்டால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்ப்பார். பார்க்கட்டும்.

ஈர்க்கைச் சொன்னால் பட்டத்தைச் சொல்லாமல் விடமுடியாது. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல தட்டைப் பட்டமே அல்ல, கப்பலும் மிருகமும் இயந்திரமுமாக நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள கட்டுமானங்கள். அவற்றைக் கட்டுகிற இளைஞர்களில் எத்தனை பேர் கணிதத்தில் சித்தியடைந்தவர்கள் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் நாங்கள்தான் வெட்கப்படவேண்டியிருக்கும். அவர்களில் ஒருவரைத் திண்மங்கள் பாடத்துக்கு வகுப்புக்குள் அழைத்து வாருங்கள்.

பெட்டிப் பட்டத்தை உலகுக்குத் தந்தவர் அவுஸ்திரேலியாவில் இருந்த லோறன்ஸ் ஹாகிறேவ், 1893இல். அடுத்த ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி நாலு பெட்டிப் பட்டங்களைத் தொடுத்து, அவற்றில் தானே தொங்கி 16 அடி உயரம் எழும்பினார். தொலைபேசி தந்த கிரகம் பெல் அதைப் பார்த்து நான்முகியில் இறங்கினார். பட்டத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் காற்றுப் பிடிக்கும் பரப்பு நாலு மடங்காகும், கனவளவோ எட்டு மடங்காகும், அதனோடு பாரமும் ஏறும். அதனால் பெரிய பட்டம் பறக்காது என்று அக்காலத்தில் வாதிட்டார்கள். ஒரு பெரிய கூட்டைக் கட்டாமல் சின்னச் சின்ன நான்முகிக் கூடுகளை மூலைக்கு மூலை தொடுத்தால் எவ்வளவு பெருத்தாலும் பரப்புக்கும் பாரத்துக்கும் உள்ள விகிதம் மாறாது என்பது பெல்லின் விடை. 1907 டிசம்பரில் கனடாவில் 3,393 கூடுகள் கொண்ட அவருடைய பட்டம் ஓர் ஆளைச் சுமந்துகொண்டு எழும்பியது.

நீங்கள் நாலே நாலு கூட்டைத் தொடுங்கள். மூன்றைக் கீழே வைத்து, நாலாவதை மேலே ஏற்றினால் இருமடங்கு விளிம்புள்ள பெரிய நான்முகி. நடுவில் ஒரு வெற்றிடம் வரும். அது என்ன வடிவம்? "தலைகீழ் நான்முகி" என்பார்கள், ஏனென்றால் தட்டையான முக்கோணத்தில் அப்படித்தான் வந்தது. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், எட்டு முகம் இருக்கும். எண்முகி. பெரிய நான்முகியின் கனவளவு சின்னதைப்போல எட்டு மடங்கு, அதில் நாலு கூடு போனால் மிச்சம் நாலு. ஆகவே எண்முகி ஒன்றின் கனவளவு அதே விளிம்புள்ள நான்முகி நாலுக்குச் சமம். சூத்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை.

இந்த ஊருக்குக் கையின் அறிவு புதிதல்ல. ஒரு காலத்தில் சுருட்டுக் கொட்டில்களால் பெயரெடுத்த ஊர் இது. சுருட்டுச் சுற்றுகிறவர் இலையை நேராகச் சுற்றமாட்டார், சரித்துச் சுற்றுவார். அந்தச் சரிவை வகுப்புக்குள் கொண்டு வாருங்கள். சமையல் தாளோ அலுமினியத் தாளோ சுற்றிவந்த மட்டைக் குழலை எடுங்கள். நேராக வெட்டி விரித்தால் செவ்வகம் வரும். அதே குழலில் சுருளாக ஓடுகிற ஒட்டு ஒன்று இருக்கும், அதன் வழியே பிரித்தால் என்ன வரும்? இணைகரம். ஒரே குழல், இரண்டு வடிவம், ஒரே பரப்பளவு. உருளையின் வளைபரப்புச் சூத்திரத்தை இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்தும் இதைப் பார்க்கவில்லையே என்று ஆசிரியர்கள் வியப்பதும் இங்கேதான்.

கொக்குவில் இந்துக் கல்லூரியில் 1949 முதல் 1960 வரை அதிபராக இருந்த ஹண்டி பேரின்பநாயகம் காந்தியத்தில் ஊறியவர். 1927இல் காந்தியை இலங்கைக்கு அழைத்ததில் அவர் முன்னின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசுக்குப் பங்கு உண்டு. அதே காந்தி 1937இல் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டில் கைத்தொழிலின் ஊடாகவே பாடம் நடக்கவேண்டும் என்று வாதாடினார். தக்ளியில் நூல் நூற்றுக்கொண்டே எண்ணும் அளவையும் படிப்பது என்ற அந்த யோசனை ஓரளவு கடுமையானது, எனக்கு முழு உடன்பாடும் இல்லை. நூலுக்கு விலை வரவேண்டும் என்ற கட்டாயம் வந்தவுடன் பிள்ளை தொழிலாளியாகிவிடும். ஆனால் கை மூளைக்குக் கீழ்ப்பட்டதல்ல என்ற பேச்சு இந்த ஊரில் ஏற்கெனவே நடந்த பேச்சு என்பதை ஞாபகப்படுத்தவே சொன்னேன்.

இனி, இந்தத் தலைப்பை எதற்காக வைத்தேனோ அதற்கு வருகிறேன். பெட்டியை விரிப்பது.

விரித்த உருவத்தை அச்சில் முதலில் முறையாகத் தந்தவர் ஓவியர் அல்பிரெக்ட் டூரர், 1525இல். இன்றைக்கு எல்லாப் பாடநூலிலும் சிலுவை வடிவில் ஆறு சதுரம் இருக்கிறது. பிறிஸ்டல் போட்டில் அதைக் கீறி, வெட்டி, மடித்து, ஒட்டி, "செயற்பாடு முடிந்தது" என்று கையெழுத்து வைக்கிறோம். அங்கே பிள்ளை கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை, நூல் கண்டுபிடித்துவிட்டது. நான் மறுபக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

பன்னிரண்டு விளிம்பிலும் ரேப் ஒட்டி மூடிய ஒரு சதுரமுகியைக் கொடுங்கள். விளிம்பு வழியே மட்டும் வெட்டலாம். ஒரே துண்டாக, மேசையில் தட்டையாகப் படுக்கவேண்டும். வெட்டமுன், "எத்தனை விளிம்பு வெட்டவேண்டும்?" நாலு என்பார்கள், ஆறு என்பார்கள், எட்டு என்பார்கள். எழுதி வைக்கட்டும். கத்தரிக்கோலை எடுக்கட்டும்.

முடிந்ததும் சுவரில் ஒட்டுங்கள். வடிவம் பலவாக இருக்கும். சிலுவை ஒன்று, படிக்கட்டு ஒன்று, ஆங்கில எஸ் எழுத்துப் போல வளைந்தது ஒன்று. திருப்பிப் புரட்டிப் பார்த்து ஒன்றானவற்றைக் கழித்தால் மொத்தம் 11 வகை உண்டு, அதற்கு மேல் இல்லை. ஆனால் எவரை வேண்டுமானாலும் கேளுங்கள்: வெட்டியது ஏழு, வெட்டாமல் மடிப்பாக நின்றது ஐந்து. பதினொரு வடிவத்திலும் ஏழும் ஐந்தும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட ஏழு ஒட்டுமடிப்பு வைத்தால் போதும், எட்டாவது வீண். பிறிஸ்டல் போட் விற்கிற விலையில் அது சின்ன விஷயமும் இல்லை.

ஏன் ஏழு? வகுப்பை இங்கே நிறுத்திவையுங்கள். விடையைச் சொல்லிவிட ஆசை வரும், அடக்குங்கள்.

வெட்டுகிற விளிம்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வெட்டாவது போயே ஆகவேண்டும். வெட்டுப்படாத மூலை குவிந்தபடியே நிற்கும், மேசையில் படியாது. வெட்டுகள் வட்டமாகச் சுற்றிவந்து மூடக்கூடாது, மூடினால் ஒரு துண்டு கழன்று விழும். வெட்டுகள் இரண்டு தனிக் கூட்டமாகவும் பிரிந்திருக்க முடியாது, பிரிந்திருந்தால் இடையில் முகங்கள் வளையமாகச் சேர்ந்து நின்று விரிய மறுக்கும். ஆகவே எட்டு மூலையையும் வெட்டுகள் ஒன்றுவிடாமல் இணைக்கின்றன, ஆனால் சுற்று ஒன்றும் இல்லை. எட்டு வீட்டை ஒழுங்கைகளால் இணைக்கிறோம், ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கவேண்டும் என்றால் எத்தனை ஒழுங்கை வெட்டுவோம்? முதல் வீட்டை விட்டு, மற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. ஏழு.

மடிப்புகளையும் அதே கணக்கில் பாருங்கள். ஆறு முகத்தையும் ஒரே துண்டாகப் பிடித்து வைப்பவை அவை. அங்கேயும் சுற்று இல்லை, இருந்தால் விரியாது. ஆறு முகத்துக்கு ஐந்து மடிப்பு.

ஒவ்வொரு விளிம்பும் ஒன்றில் வெட்டு, இல்லாவிட்டால் மடிப்பு. மூன்றாவது வகை கிடையாது. ஆகவே உச்சி எண்ணிக்கையில் ஒன்று குறைய, முகத்தின் எண்ணிக்கையில் ஒன்று குறைய, இரண்டையும் கூட்டினால் விளிம்பின் எண்ணிக்கை. இதைக் கரும்பலகையில் கொஞ்சம் திருப்பி எழுதுங்கள்: உச்சி + முகம் = விளிம்பு + 2.

தரம் 8இல் நாங்கள் அட்டவணை போட்டு, நிரப்பி, "ஒயிலரின் தொடர்பு" என்று பெட்டிகட்டிக் கொடுக்கிற சூத்திரம் அல்லவா இது? அங்கே ஏன் அந்த 2 வருகிறது என்று ஒரு பிள்ளையும் கேட்பதில்லை, கேட்டால் எங்களிடம் விடையும் இருப்பதில்லை. இப்போது விடை கையில் இருக்கிறது. வெட்டில் ஒன்று, மடிப்பில் ஒன்று. 1750 நவம்பரில் ஒயிலர் இத்தொடர்பைத் தன் நண்பர் கோல்ட்பாக்குக்குக் கடிதத்தில் எழுதினார். நாம் இப்போது கத்தரிக்கோலால் காட்டியதற்கு நெருங்கிய நிறுவலை 1847இல் வொன் ஸ்ரவுட் தந்தார். இடையில் கிட்டத்தட்ட நூறு ஆண்டு. பிள்ளைகளுக்கு இரண்டு பாடவேளை.

உடனே சோதித்துப் பார்க்கட்டும். சதுரக் கூம்பகத்துக்கு உச்சி 5, முகம் 5: நாலு ஒட்டு, நாலு மடிப்பு, விளிம்பு 8. முக்கோண அரியத்துக்கு உச்சி 6, முகம் 5: ஐந்து ஒட்டு, நாலு மடிப்பு, விளிம்பு 9. பன்னிருமுகியைக் கண்ணால் காணாமலே அதற்கு 19 ஒட்டும் 11 மடிப்பும் என்று சொல்லுகிற பிள்ளை, இனிமேல் அட்டவணையை மனப்பாடம் செய்யாது. வெசாக் காலத்தில் சம அளவான ஆறு சதுரச் சட்டத்தை மூலையோடு மூலை கட்டிக் கூடு செய்வதுண்டு. அதற்கு மூலை 12, குச்சி 24, முகம் சதுரமும் முக்கோணமுமாக 14. அதுவும் இந்தக் கணக்குக்குள் அடங்கும்.

நீத்துப்பெட்டி இன்னும் பேசவில்லை. கூம்பு வடிவப் பனையோலைப் பெட்டி எங்கள் குசினியில் இருக்க, பிளாஸ்ரிக் கூம்பு வாங்கிவர யாரும் கொழும்புக்கு எழுதவேண்டியதில்லை. நீத்துப்பெட்டியின் வாயகலத்தையும் உயரத்தையும் அளந்து, அதே வாயும் அதே உயரமும் உள்ள உருளையை மட்டையில் செய்யுங்கள். நீத்துப்பெட்டியால் எத்தனை தரம் அரிசி அள்ளிப் போட்டால் உருளை நிறையும்? இரண்டு என்றுதான் வகுப்பு சொல்லும், படத்தில் பாதியாகத் தெரிவதால். மூன்று தரம் வேண்டும். சரியாக மூன்று வராமல் கொஞ்சம் கூடக்குறைய வரும், ஓலை பிதுங்கும், அடி கூராக இராது. அந்தக் கூடக்குறையை ஒளிக்காதீர்கள். அளவீட்டுப் பிழை எங்கிருந்து வந்தது என்று தேடுவது தனியே ஒரு பாடம். வாயகலமும் உயரமும் கோளத்தின் விட்டத்துக்குச் சமமான உருளைக்குள் அந்தக் கோளத்தை அடைத்தால் அது மூன்றில் இரண்டு பங்கைப் பிடிக்கும் என்று கண்ட ஆர்க்கிமிடீஸ், அந்தப் படத்தையே தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னார். கி.மு. 75இல் சிசிலியில் அதிகாரியாக இருந்த சிசரோ பற்றைக்குள் மூடிக்கிடந்த அந்தக் கல்லறையை அடையாளம் கண்டது கல்லில் இருந்த கோளத்தையும் உருளையையும் வைத்துத்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை, கோபிக்கவேண்டாம். ஒப்படை என்று பிள்ளை கொண்டுவருகிற திண்மங்களில் பெரும்பாலானவை மிகத் திருத்தமாக இருக்கின்றன. விளிம்பில் தங்கநிறத் தாள், முகத்தில் பளபளப்பு. இரவு பதினொரு மணிக்குத் தகப்பன் ஒட்டியது என்பது எங்களுக்குத் தெரியும். புள்ளி போடுகிறவர்களாகிய எங்கள் பிழையும் அதில் உண்டு, வடிவுக்குப் புள்ளி போட்டுப் பழக்கிவிட்டோம். கோணிப்போன, பசை பிதுங்கிய, ஒரு முகம் மூடாமல் நிற்கிற பெட்டியைப் பிள்ளை கொண்டுவந்தால், ஏன் மூடவில்லை என்று கேட்டு, அதற்குச் சொல்லும் விடைக்குப் புள்ளி போடுங்கள்.

நான் அறிந்த ஒரு பாடசாலையில் திண்மங்களின் பிளாஸ்ரிக் தொகுதி ஒன்று கண்ணாடி அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. துலைந்துவிடும் என்ற பயம். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பற்றரியும் மண்ணெண்ணெயும் சீமெந்தும் வராதபோது, ஆசிரியர்கள் மட்டையும் மண்ணும் ஓலையும் கொண்டு சமாளித்தார்கள். அன்றைக்குத் துலைய ஒன்றும் இருக்கவில்லை. அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று நாளைக்கு ஒருக்கால் விசாரியுங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். புலமைப்பரிசில், சாதாரணதரம், தவணைப் பரீட்சை, மாலையில் ரியூசன். நியாயமான கேள்வி. நான் சொன்ன எல்லாவற்றையும் ஒரு தவணையில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பெட்டியை வெட்டுவது ஒன்றை மட்டும் செய்யுங்கள். முகம், விளிம்பு, உச்சி, விரிப்பு, மேற்பரப்பளவு, ஒயிலர் என்று ஆறு பாடவேளைக்குப் பிரித்து வைத்திருப்பது அதில் ஒன்றாக அடங்கிவிடும்.

கடைசியாக, கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று நிச்சயம் கொண்டுவரப்போகிற சிக்கல். இந்தப் படச்சட்டத்தைப் பாருங்கள். நாலு மரத்துண்டை மூலையில் சரித்து வெட்டிச் சேர்த்தது, நடுவில் ஓட்டை. சரித்துவெட்டிய மூட்டுகளையும் விளிம்பாக எண்ணினால் உச்சி 16, முகம் 16, விளிம்பு 32. ஒயிலர் கணக்குப்படி உச்சியும் முகமும் சேர்ந்தால் 34 வரவேண்டும். வருவது 32. சூத்திரம் பிழைத்துவிட்டது என்று பிள்ளை சொல்லும். மட்டையில் இதேபோல் ஒன்று செய்து வெட்டிப் பாருங்கள்: பதினாறு மூலையையும் சுற்றில்லாமல் இணைக்க 15 வெட்டு, பதினாறு முகத்தையும் பிடித்து வைக்க 15 மடிப்பு, மொத்தம் 30. இரண்டு விளிம்பு மிச்சம் நிற்கிறது. அவற்றையும் வெட்டினால் ஒழியச் சட்டம் விரியாது, வெட்டினாலும் எந்தத் துண்டும் கழன்று விழாது. அந்த இரண்டும் ஓட்டைக்கு எந்தப் பக்கத்தால் போகின்றன என்று தேடிப் பாருங்கள். மட்டைச் சட்டமும் கத்தரிக்கோலும் மேசையில் இருக்கின்றன, தேநீர் வருமட்டும் நானும் அங்கேதான் நிற்பேன்.